தாத்தாவின் கயிறு

சனிக்கிழமை மாலை மணி நான்கு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் வொர்த் நகரில், செங்கல் பாவிய பழைய தெரு ஒன்றின் இருமருங்கிலும் மக்கள் கூடி நின்றனர். தெருக்கோடியில் குளம்பொலி கேட்டது. அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த சிலர் குதிரைமீது மெல்ல வந்தனர். அவர்களுக்கு நடுவே நீண்ட கொம்பு மாடுகளின் சிறு மந்தை ஒன்று அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. இந்த இனத்தில், ஒரு கொம்பின் நுனியிலிருந்து மறுகொம்பின் நுனிவரை இரண்டு மீட்டர் அகலம் உள்ள மாடுகளும் உண்டு.

"அம்மா, இவை எங்கே போகின்றன?" என்று ஆறு வயது பேரன் கேட்டான்.

"எங்கேயும் போகவில்லை. தினமும் இரண்டு முறை இந்தத் தெருவில் நடந்து காட்டுவதுதான் இவற்றின் வேலை" என்று தாத்தா சிரித்தார். "ஆனால், ஒரு காலத்தில் இதே ஊரைத் தாண்டித்தான் இலட்சக்கணக்கான மாடுகள் வடக்கே போயின."

தாத்தாவுக்கு வயது 78. மகள், மருமகன், பேத்தி, பேரன் ஆகியோரோடு, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள சிற்றூரிலிருந்து அவர் வந்திருந்தார். அவர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்தினர். இளமையில் தாத்தா மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்தவர். ரோடியோ களத்தில் கயிறு வீசியவர். பேரன் ரோடியோவை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறான். அதனால், நண்பகலிலிருந்தே அவன் தொப்பியைக் கழற்றவில்லை.

பதினான்கு வயதுப் பேத்தியின் நிலை வேறு. கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது அவள் ஆசை. விலங்குகளை விரட்டிப் பிடிக்கும் விளையாட்டைப் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று அவள் வீட்டிலேயே கேட்டுவிட்டாள். "வந்து பார். பிடிக்காவிட்டால் சொல்" என்று தாத்தா சொன்ன ஒரே காரணத்துக்காகத்தான் அவள் கிளம்பினாள்.

ரோடியோ என்பது ஸ்பானிய மொழிச் சொல். 'சுற்றி வளைத்தல்' என்று அதற்குப் பொருள். வேலி இல்லாத பரந்த புல்வெளியில் மேய்ந்து திரியும் மாடுகளை ஆண்டுதோறும் வளைத்து ஓரிடத்தில் சேர்ப்பார்கள். கன்றுகளுக்கு உரிமையாளரின் சூட்டுக்குறி இடுவார்கள். விற்க வேண்டியவற்றைப் பிரித்தெடுப்பார்கள். இந்த வேலையின் பெயரே பின்னர் விளையாட்டின் பெயராயிற்று. குதிரைமீது இருந்துகொண்டே மாடுகளைக் கையாளும் கலையை இப்பகுதிக்குக் கொண்டுவந்தவர்கள் மெக்சிக்கோவின் 'வக்கேரோ' எனப்படும் மேய்ப்பர்கள் ஆவர். ஸ்பானிய மொழியில் 'வக்கா' என்றால் பசு. சுருக்குக்கயிற்றைக் குறிக்கும் 'லாசோ', 'லாரியட்' ஆகிய சொற்களும், பண்ணையைக் குறிக்கும் 'ராஞ்ச்' என்ற சொல்லும் அவர்களிடமிருந்தே ஆங்கிலத்துக்குச் சென்றன. திரைப்படங்களில் நாம் காணும் கௌபாய், கருவி, உடை, சொல் என எல்லாவற்றையும் வக்கேரோவிடமிருந்து கடன் வாங்கியவர்தாம்.

1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது டெக்சஸில் மாடுகள் பெருகிக் கிடந்தன, வாங்க ஆளில்லை. அங்கே ஏறத்தாழ 4 டாலருக்கு விலைபோன மாட்டுக்கு வடக்கு நகரங்களில் 40 டாலர்வரை கிடைத்தது. ஆனால், தொடர்வண்டிப் பாதையோ கேன்சஸ் மாநிலத்தோடு நின்றுவிட்டது. எனவே, மாடுகளை அதுவரை நடத்தியே கொண்டு சென்றனர். மாதக்கணக்கில் நீளும் அந்தப் பயணத்தில், ஆளில்லாப் புல்வெளிக்குள் நுழையும் முன் உணவும் பொருள்களும் வாங்குவதற்கு ஏற்ற கடைசிப் பெரிய ஊராக ஃபோர்ட் வொர்த் இருந்தது. 1876-இல் தொடர்வண்டி இவ்வூருக்கே வந்தது. பிறகு மாட்டுச் சந்தையும் இறைச்சித் தொழிற்சாலைகளும் எழுந்தன. 'மாட்டூர்' என்ற பொருள்படும் பட்டப்பெயர் இந்நகருக்கு இன்றும் உண்டு.

மாட்டு ஊர்வலம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. குடும்பத்தினர் ரோடியோ அரங்கை நோக்கி நடந்தனர். 1908-இல் கட்டப்பட்ட கட்டடம் அது. 1918-இல் இங்கே நடைபெற்ற போட்டியே கூரையின்கீழ் நடந்த முதல் ரோடியோ என்று இவ்வூர் மக்கள் பெருமையோடு கூறுவர். இன்றும் வெள்ளி, சனி இரவுகளில் இங்குப் போட்டிகள் உண்டு. ஆனால், தாத்தா நேராக உள்ளே செல்லவில்லை. அரங்கின் அருகே இருந்த வெண்கலச் சிலையின் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

கொம்பைப் பிடித்து ஓர் எருதின் கழுத்தைத் திருப்பி வீழ்த்தும் மனிதரின் சிலை அது.

"யார் இவர்?" என்று கேட்டாள் பேத்தி.

"பில் பிக்கெட். நம்மவர்" என்றார் தாத்தா.

பில் பிக்கெட் 1870-இல் டெக்சஸில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குச் சென்ற அவர், முரட்டு மாடுகளை வேட்டை நாய்கள் எவ்வாறு அடக்குகின்றன என்பதை உற்றுக் கவனித்தார். நாய் மாட்டின் உதட்டைக் கவ்விக்கொள்ளும்; மாடு அசையாமல் நின்றுவிடும். முட்புதர் அடர்ந்த இடங்களில் கயிறு வீச முடியாது. ஆகவே, ஓடும் குதிரையிலிருந்து எருதின்மேல் பாய்ந்து, கொம்பைப் பற்றித் திருப்பி, அதன் உதட்டைத் தம் பல்லால் கடித்து அதைக் கீழே சாய்க்கும் முறையை அவர் உருவாக்கினார். கடிக்கும் வழக்கம் பின்னர் கைவிடப்பட்டது. பாய்ந்து வீழ்த்தும் முறை மட்டும் 'எருது மல்யுத்தம்' என்ற பெயரில் இன்றும் எல்லாப் பெரிய ரோடியோக்களிலும் நடைபெறுகிறது. இன்றைய ரோடியோவின் முதன்மைப் போட்டிகளுள், ஒரு தனிமனிதர் உருவாக்கியது என்று சுட்டிக்காட்டக்கூடியது இது ஒன்றே எனலாம்.

ஆனால், அந்தப் போட்டியை உருவாக்கியவருக்கே பல களங்களின் கதவுகள் மூடப்பட்டிருந்தன. கறுப்பர் என்பதால் அவரைச் சேர்க்க மறுத்தனர். சில இடங்களில் அவர் பழங்குடி இனத்தவர் என்று சொல்லிக் களமிறக்கப்பட்டார். 1932-இல் குதிரை ஒன்று உதைத்ததால் அவர் இறந்தார். அந்தக் கால மேய்ப்பர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்களை ஒரு நூற்றாண்டுக் காலத் திரைப்படங்களில் தேடினால் அரிதாகவே காணலாம்.

"இன்னொரு வேடிக்கை சொல்கிறேன், கேள்" என்றார் தாத்தா. "1994-இல் அரசாங்கம் இவருக்கு அஞ்சல் தலை வெளியிட ஏற்பாடு செய்தது. அச்சடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அதில் இருந்த படம் இவருடையது அன்று என்பது. இவருடைய தம்பியின் படம்! எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, மறுபடியும் அச்சிட்டார்கள். இவ்வளவு புகழ் பெற்றவருக்கே இந்தக் கதி."

பேத்தி சிரித்தாள். பிறகு, "உங்களுக்கு, தாத்தா?" என்று கேட்டாள்.

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. சிலையின் பீடத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்போது எனக்குப் பதினேழு வயது. பக்கத்து ஊர் ரோடியோவில் கன்றுக்குக் கயிறு வீசப் பெயர் கொடுத்தேன். நுழைவுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் ஆடி முடித்து, பார்வையாளர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் எங்களைக் களத்துக்கு அழைத்தார்கள். விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டார்கள். நேரம் குறிப்பவரும் போய்விட்டார். என் நண்பன் வேலிமேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தில் பார்த்தான். என் வாழ்நாளிலேயே அதுதான் என்னுடைய மிகச் சிறந்த நேரம்."

"பரிசு கிடைத்ததா?"

"அதற்கு முன்பே பரிசைக் கொடுத்து முடித்துவிட்டார்கள், அம்மா."

இது தாத்தா ஒருவரின் கதை மட்டுமன்று. அக்காலக் கறுப்பின வீரர் பலர் இதைப் பட்டறிந்தனர். மைர்ட்டிஸ் டைட்மன் என்ற டெக்சஸ் வீரர்தான் 1964-இல் தேசிய இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் கறுப்பர் ஆவார். காளைச் சவாரியில் உலக வெற்றியாளர் பட்டம் ஒரு கறுப்பருக்குக் கிடைக்க 1982 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அதை வென்றவர் சார்லி சாம்ப்சன். 1984 முதல் பில் பிக்கெட்டின் பெயரிலேயே ஒரு ரோடியோ ஊர் ஊராகச் சென்று நடைபெற்று வருகிறது.

இரவு தொடங்கியது. அரங்கின் உள்ளே மண்வாசனையும் வைக்கோல் வாசனையும் பொரித்த சோளத்தின் வாசனையும் கலந்து வீசின. கொடி ஏந்திய பெண்கள் குதிரைமீது களத்தை விரைந்து சுற்றி வந்தனர், நாட்டுப்பண் பாடப்பட்டது.

முதலில் வந்தது சேணக்குதிரைச் சவாரி. பழக்கப்படாத குதிரையைச் சவாரிக்குப் பழக்குவது பண்ணையில் அன்றாட வேலை. அதிலிருந்து வந்த போட்டி இது. துள்ளும் குதிரைமீது எட்டு விநாடிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கையால் மட்டுமே பிடித்துக்கொள்ளலாம். மறு கை குதிரையையோ தன் உடலையோ தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. மொத்தம் 100 புள்ளிகள். அவற்றுள் பாதி வீரருக்கு, மறுபாதி விலங்குக்கு! விலங்கு சோம்பலாகத் துள்ளினால், வீரர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் புள்ளி குறைந்துவிடும். இதனால், தமக்கு முரட்டுக் குதிரை வாய்க்க வேண்டும் என்றுதான் வீரர்கள் விரும்புகிறார்கள்.

அடுத்தது இருவர் கயிறு வீசும் போட்டி. ஒருவர் எருதின் கொம்பில் சுருக்கிட, மற்றவர் பின்னங்கால்களில் சுருக்கிட வேண்டும். நோயுற்ற பெரிய மாட்டைத் திறந்தவெளியில் பிடித்து நிறுத்தி மருந்து கொடுக்க இப்படித்தான் செய்வார்கள் என்று அப்பா விளக்கினார். பேத்தி ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்து பார்த்தாள். ஆனால், அடுத்த போட்டி தொடங்கியதும் அவள் முகம் மாறிவிட்டது.

அது கன்று கட்டும் போட்டி. அடைப்பிலிருந்து கன்று ஒன்று பாய்ந்து ஓடும். அதற்குச் சற்று முன்தூரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் குறுக்குக்கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பும் வீரருக்குப் பத்து விநாடிகள் தண்டனை உண்டு. குதிரைமீது விரட்டிச் செல்லும் வீரர் கன்றின் கழுத்தில் சுருக்கை வீசுவார். சுருக்கு விழுந்த கணமே குதிரை நின்றுவிடும். வீரர் இறங்கி ஓடி, கன்றைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டு, பல்லில் கவ்வியிருக்கும் சிறு கயிற்றால் அதன் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டிவிட்டுக் கைகளை உயர்த்துவார். அதற்குள் குதிரை தானாகவே பின்னோக்கி அடியெடுத்து வைத்துக் கயிற்றை விறைப்பாக வைத்திருக்கும். அந்தக் குதிரையின் அறிவு வியக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. கட்டிய பின் கன்று ஆறு விநாடிகள் கட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும்.

இரண்டாவது கன்று கயிற்றின் முனைக்கு வந்தபோது சட்டென்று நின்றது. அதன் தலை பின்னுக்கு இழுபட, உடல் அரை வட்டமாகத் திரும்பியது. பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டவிழ்த்ததும் கன்று எழுந்து வாலை உயர்த்தியபடி ஓடிவிட்டது. கூட்டம் கைதட்டியது. அவள் தட்டவில்லை.

"போகலாமா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இல்லை, இருக்கிறேன்" என்றாள். பிறகு தாத்தாவிடம், "இதைத்தான் நீங்களும் செய்தீர்களா?" என்றாள்.

"பதினொரு ஆண்டுகள்" என்றார் தாத்தா.

ரோடியோவைப் பற்றிய வாதம் நூறாண்டுப் பழமையுடையது. 1924-இல் இலண்டனின் வெம்பிளி அரங்கில் அமெரிக்கர்கள் ரோடியோ நடத்தினர். எருதுகள் கயிறு வீசி வீழ்த்தப்பட்டதைக் கண்ட மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1934-இல் பிரிட்டன் நிறைவேற்றிய சட்டத்தால் அந்நாட்டில் ரோடியோ இல்லாமலே போயிற்று. அமெரிக்காவிலும் எல்லா இடங்களிலும் ஒரே நிலை இல்லை. ரோட் ஐலண்ட் மாநிலத்தில், கன்றை இழுத்து வீழ்த்தும் முறைக்கு அனுமதி கிடையாது. தொழில்முறை ரோடியோ சங்கமோ களத்தில் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும் என்பது உட்பட விலங்கு நலத்துக்கென விதிகளை வகுத்துள்ளது. அவ்விதிகள் போதா என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

தமிழருக்கு இத்தகைய வாதம் புதிதன்று. கலித்தொகையின் முல்லைக்கலி பாடும் ஏறுதழுவுதல், சல்லிக்கட்டாக இன்றும் தொடர்கிறது. 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2017-இல் மக்கள் போராட்டத்தைத் தொடர்ந்து தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. 2023-இல் அச்சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், இரண்டும் ஒன்றல்ல. சல்லிக்கட்டில் வீரர் காளையின் திமிலைத் தழுவுவார். அதன்மேல் ஏறுவதும் இல்லை, கயிற்றால் கட்டுவதும் இல்லை. எனவே, ஒன்றை ஏற்பவர் மற்றொன்றையும் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றையும் தனியே உற்று நோக்குவதே முறை. ரோடியோவுக்குள் இருக்கும் போட்டிகளுக்கும் இது பொருந்தும்.

இடைவேளையில் தாத்தாவும் பேத்தியும் ஒதுக்குப்புறமாக நின்று எலுமிச்சைச் சாறு அருந்தினர்.

"பண்ணையில் இதைச் செய்யாமல் இருக்க முடியாது" என்றார் தாத்தா. "புல்வெளியில் பட்டி கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது. கன்றின் தொப்புளில் புழு வைத்திருக்கும். பிடித்துக் கட்டி மருந்து போடாவிட்டால் அது செத்துப்போகும். நீ மருத்துவரானாலும் முதலில் கன்றைப் பிடித்தாக வேண்டும், அல்லவா?"

"பிடிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, தாத்தா. பண்ணையிலும் இவ்வளவு வேகமாகவா இழுப்பீர்கள்?"

தாத்தா சிறிது நேரம் யோசித்தார்.

"இல்லை. அங்கே யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. மெதுவாகப் போவோம். கன்றுக்கு அடிபட்டால் முதலாளிக்கு நட்டம். எங்களுக்கும் திட்டு விழும்."

"அப்படியென்றால், கடிகாரம் எப்போது வந்தது?"

"போட்டி என்று ஆனபோது" என்றவர், சற்றுத் தயங்கி, "நானும்தான் கடிகாரம் பார்த்தேன்" என்றார்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்கலாம். பார்ப்பவர் மனத்தை அதிகம் வருத்தும் இந்தக் கன்று கட்டும் போட்டிதான் உண்மையான பண்ணை வேலைக்கு மிக நெருங்கியது. கூட்டத்தை மிகவும் ஈர்க்கும் காளைச் சவாரியோ எந்தப் பண்ணை வேலையிலிருந்தும் வந்ததன்று. காளைமீது ஏறி மாடு மேய்த்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே, 'இது எங்கள் பரம்பரைத் தொழில்' என்று சொல்வது மட்டுமே ஒரு போட்டிக்கு நியாயம் ஆகிவிடாது. தொழிலில் இல்லாத எது போட்டியில் புதிதாகச் சேர்ந்தது என்று பேத்தி கேட்ட கேள்வியே அதைவிடக் கூர்மையானது.

இடைவேளை முடிவதற்குள் சிறுவர்களைக் களத்துக்கு அழைத்தார்கள். வாலில் வண்ண நாடா கட்டிய கன்று ஒன்று அவிழ்த்துவிடப்பட்டது. நாடாவைப் பறிப்பவருக்கே வெற்றி. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே கூட்டமாகத் துரத்த, கன்று அவர்களைச் சுலபமாக ஏமாற்றிவிட்டு இங்கும் அங்கும் ஓடியது. பேரனின் தொப்பி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன்மேல் இன்னொரு சிறுமி விழுந்தாள். யாரோ தள்ளியதில் திசைமாறிய கன்று நேராக இவனிடமே வந்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியவனின் விரல்களில் நாடாவின் பாதி கிழிந்து வந்தது. மறுபாதி வேறு ஒரு சிறுவனிடம் இருந்தது. இருவரையும் வெற்றியாளர் என்று அறிவித்துவிட்டார்கள்.

அடுத்து, பெண்கள் கயிறு வீசும் போட்டி நடைபெற்றது. இதிலும் கன்றுதான், ஆனால், முறை வேறு. கயிற்றின் மறுமுனை சேணத்தில் மெல்லிய நூலால் கட்டப்பட்டிருக்கும். சுருக்கு கழுத்தில் விழுந்து, கயிறு நீண்டு, நூல் அறுந்ததும் கடிகாரம் நின்றுவிடும். கன்று இழுபடுவதும் இல்லை, வீழ்வதும் இல்லை; கயிற்றோடு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஓர் இளம்பெண் வீசிய சுருக்கு கன்றின் தலைக்கு மேல் ஒரு கணம் வட்டமாக நின்று, பிறகு இறங்கியது. பேத்தி அன்றிரவு முதன்முறையாகக் கைதட்டினாள்.

"வீச்சு சுத்தம்" என்றார் தாத்தா. "கட்டுகிற வேலைதான் இல்லை."

"கட்டாவிட்டால் என்ன?"

"எனக்கு அரைகுறையாகத் தெரிகிறது. உனக்கு இதுதான் சரியாகத் தெரிகிறது. இருக்கட்டும்."

தொடர்ந்து பீப்பாய் ஓட்டம். மூன்று பீப்பாய்களைக் குதிரைமீது சுற்றி வர வேண்டும். ஒரு பீப்பாய் சாய்ந்தால் ஐந்து விநாடிகள் கூடும். ரோடியோவில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்று கண்ட பெண்கள் 38 பேர் 1948-இல் இதே டெக்சஸில் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினர். பீப்பாய் ஓட்டம் இன்று ரோடியோவில் நிலையான இடம் பெற்றிருப்பதற்கு அச்சங்கமே முதற்காரணம்.

இரவின் கடைசி நிகழ்ச்சி காளைச் சவாரி. ஏறத்தாழ 700 கிலோகிராம் எடையுள்ள காளையின் முதுகில், ஒரு கயிற்றை ஒரு கையால் பற்றிக்கொண்டு எட்டு விநாடிகள் அமர வேண்டும். காளையின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டப்பட்டிருக்கும். அதை உதறித் தள்ளவே அது பின்னங்கால்களை வீசுகிறது. துள்ளும் குணத்துக்காகவே இக்காளைகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்படுகின்றன. கீழே விழுந்த வீரரைக் காப்பதற்காக, காளையின் கவனத்தைத் தம் பக்கம் திருப்பும் துணைவீரர்கள் களத்தில் நிற்கிறார்கள். அவர்களுடைய துணிவுக்குப் புள்ளி எதுவும் கிடையாது.

இங்கே விலங்கைவிட மனிதருக்கே ஆபத்து அதிகம். 1989-இல் லேன் ஃபிராஸ்ட் என்ற 25 வயது உலக வெற்றியாளர், சவாரியை வெற்றியோடு முடித்து இறங்கிய பின் காளை முட்டியதால் இறந்தார். அந்த மரணத்துக்குப் பிறகே, அவருடைய நண்பரும் சக வீரருமான ஒருவர் நெஞ்சுக்கவசத்தை வடிவமைத்தார். இன்று அது இல்லாமல் காளைமீது ஏறுபவர் அரிது. அன்றிரவு ஏறியவர்களுள் பெரும்பாலோர் எட்டு விநாடிகளைத் தொடவில்லை. இத்துறையில் வெற்றி பெறாதவருக்குப் பொதுவாக வருமானம் இல்லை. நுழைவுக் கட்டணமும் அவர் கைப்பணம்தான். மண்ணைத் தட்டிக்கொண்டு நொண்டியபடி வெளியேறிய ஓர் இளைஞரைப் பார்த்து, "அவர் நாளைக்கு வேறோர் ஊரில் மறுபடியும் ஏறுவார்" என்றார் தாத்தா.

வீடு திரும்பும்போது இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. அப்பா மகிழுந்தை ஓட்டினார். பேரன் பாதி நாடாவை விரலில் சுற்றியபடி தூங்கிவிட்டான். பேத்தி தன் கைப்பேசியின் வெளிச்சத்தில் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதுகிறாய்?" என்று அம்மா கேட்டார்.

"பள்ளிக்கு ஒரு கட்டுரை. கன்று கட்டும் போட்டி வேண்டாம் என்றுதான் எழுதப் போகிறேன்" என்றவள், தாத்தாவின் பக்கம் திரும்பி, "கோபமா, தாத்தா?" என்றாள்.

"கடிகாரத்தைப் பற்றி நீ கேட்டதையும் அதில் எழுது" என்றார் தாத்தா, சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. சாலையின் இருபுறமும் இருட்டில் பண்ணை வேலிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"தாத்தா, அந்த இரவு, விளக்கை அணைத்த பிறகு நீங்கள் கட்டினீர்களே, எத்தனை விநாடிகள்?"

"அது எதற்கு இப்போது? எங்கேயும் பதிவில்லாத நேரம்."

"அதனால்தான் கேட்கிறேன்."

தாத்தா திரும்பி அவளைப் பார்த்தார்.

"பதினொன்று. பதினொன்றுக்கும் சற்றுக் குறைவு என்றுகூட என் நண்பன் சொன்னான். நீ பதினொன்று என்றே எழுது."

அவள் எழுதினாள். பிறகு, "எந்த ஊர்? எந்த ஆண்டு?" என்று கேட்டு, குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.